தாப்பாவில் ரோட் பைக் வாங்குமுன்: ஃபிரேம், பாகங்கள், பெயிண்ட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் 5,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. வார நாட்களில் தாப்பா ரோடு, லங்காப் பக்கம் சமதரையில் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரன் மலைப் பாதை. மூன்று சைக்கிள்களைப் பார்த்து வைத்திருக்கிறார்.

முதலாவது புதியது: அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ டியாக்ரா 10 வேக கியர், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 5,100 வெள்ளி. மங்கலான மேட் கறுப்பிலும் பளபளக்கும் ஆரஞ்சிலும் கிடைக்கிறது. இரண்டாவதும் புதியதுதான்: கார்பன் ஃபிரேம், அதன் மேல் ‘டி800’ என்று ஸ்டிக்கர், அதிகம் பேர் கேள்விப்படாத 12 வேக கியர், கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக், 50 மி.மீ. கார்பன் ரிம், பார்க்கும் கோணத்துக்கு நிறம் மாறும் பெயிண்ட், 5,400 வெள்ளி. மூன்றாவது ஈப்போவில் ஒருவர் விற்கும் பழைய கார்பன் சைக்கிள்: ஷிமானோ அல்டெக்ரா 6800 கியர், ரிம் பிரேக், 4,200 வெள்ளி. எதை வாங்கலாம், அலுமினியம் எடுத்தால் பின்னால் வருத்தப்படுவேனா, பெயிண்ட்டைப் பொருட்படுத்த வேண்டுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவதை வாங்குங்கள், ஆரஞ்சு நிறத்தில். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் உங்களுக்குச் சொல்லப்போகும் காரணங்கள் வேறாக இருக்கும். கடையில் சைக்கிளை ஒரு விரலில் தூக்கிக் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சைக்கிள் மழையில் மலையிலிருந்து இறங்கும்போது எப்படி நிற்கும், ஆறு மாதம் வேர்வையும் செம்மண்ணும் பட்ட பிறகு எப்படி இருக்கும் என்பதை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு 59ஆம் எண் சாலையில் ஏறக்குறைய 60 கி.மீ. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ரிங்லெட் வரை வளைவு மேல் வளைவு. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். எதிரே காய்கறி லோரி, பின்னால் பஸ். இந்தச் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மூன்று சைக்கிளையும் ஒப்பிட வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அலுமினிய சைக்கிள் கார்பனைவிட ஒரு கிலோ கூடுதல் என்றே வைப்போம். மொத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கு சொச்சம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு நீங்கள் நாலு மணி நேரத்தில் ஏறுகிறீர்கள் என்றால், அந்த ஒரு கிலோவால் ஆகும் தாமதம் இரண்டரை நிமிட அளவுதான். அந்த இரண்டரை நிமிடத்துக்காக பிரேக்கை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1996 முதல் நடக்கும் லங்காவி சைக்கிளோட்டப் பந்தயத்தில் வரும் வீரர்களுக்குக்கூட 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை ஓட்ட அனுமதி இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து அனைத்துலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதி அது. அவர்களுக்கு விநாடி முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவருக்குக் கியரும் பிரேக்கும் முக்கியம்.

இனி ஃபிரேம். நல்ல அலுமினிய ஃபிரேமைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய அலுமினிய ஃபிரேம்கள் தடித்த குழாயோடு விறைப்பாக இருக்கும், கையும் முதுகும் மரத்துப்போகும் என்பது உண்மைதான். இப்போது 6061 போன்ற கலப்பு உலோகக் குழாய்களின் சுவரை நடுவில் மெலிதாகவும் நுனியில் தடிப்பாகவும் இழுக்கிறார்கள். தண்ணீர் அழுத்தத்தால் வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பற்றவைத்த பிறகு சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். கார்பன் ஃபோர்க்கும் 28 அல்லது 30 மி.மீ. டயரும் சேர்ந்தால், நம் சாலையில் பயணச் சொகுசை முடிவு செய்வது முக்கால்வாசி டயர் காற்றுதான், ஃபிரேம் அல்ல. அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு: எஃகு மாதிரி ‘இந்த அளவுக்குக் கீழே எவ்வளவு வளைத்தாலும் களைக்காது’ என்ற எல்லை அதற்குக் கிடையாது. ஒவ்வொரு அதிர்வும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் சேரும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் கூடுதல் தடிப்பு வைத்து வடிவமைக்கிறார்கள். சாதாரணமாக ஓட்டுபவருக்கு அது பல வருடக் கணக்கு, கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பற்றவைத்த இடங்களில், முக்கியமாக ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில், கழுவும்போது ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெயிண்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.

இரண்டாவது சைக்கிளின் மேல் ஒட்டியிருக்கும் ‘டி800’ என்ன சொல்கிறது? டி700, டி800 என்பவை ஜப்பானின் தோரே நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த தர எண்கள். டி700 இழையின் இழுவிசை வலிமை சுமார் 4,900 மெகா பாஸ்கல். டி800 வகை அதற்கு மேலே, 5,500 முதல் 5,900 வரை. ஆனால் அது இழையின் கணக்கு. ஃபிரேம் என்பது இழையும் பிசினும் சேர்ந்தது. எந்தத் துண்டை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைத்தார்கள், உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் எப்படி அழுத்தினார்கள் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. நல்ல கைகளில் டி700 அருமையான ஃபிரேமாகும். மோசமான கைகளில் டி1000 இழைகூட வீண். தவிர, ஒரு ஃபிரேமில் எல்லா இடத்திலும் ஒரே இழை போடுவதும் இல்லை. ஆகவே அந்த ஸ்டிக்கருக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கேட்க வேண்டியது வேறு: ஃபிரேமுக்கு எத்தனை வருட உத்தரவாதம், உடைந்தால் இந்த நாட்டில் யார் பொறுப்பு, பின் கியரைத் தாங்கும் சின்னக் கொக்கி, அதாவது ஹேங்கர், தனியாகக் கிடைக்குமா? சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அந்தக் கொக்கிதான். மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும். பெயர் தெரியாத ஃபிரேமுக்கு அது கிடைக்காவிட்டால், ஒரு சின்ன அலுமினியத் துண்டுக்காக முழுச் சைக்கிளும் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

எஃகு ஃபிரேம் உங்கள் பட்டியலில் இல்லை. குரோமோலி எஃகில் ஓட்டும் சுகம் தனி. ஆனால் நம் ஈரப்பதத்தில் குழாயின் உள்பக்கம் துருத் தடுப்பு எண்ணெய் அடிக்காமல் வைத்திருக்கக் கூடாது, எடையும் கூடும். டைட்டேனியம் துருவே பிடிக்காது, விலைதான் உங்கள் கணக்கைத் தாண்டிப் போய்விடும்.

அளவுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் முதலாவதன் ஸ்டாக் 555, ரீச் 375 மி.மீ.; இரண்டாவதன் ஸ்டாக் 530, ரீச் 385. ஸ்டாக் என்றால் பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சிவரை உள்ள உயரம். ரீச் என்றால் அதே இரண்டுக்கும் இடையே முன்பக்கமாக உள்ள தூரம். எஸ், எம் என்று எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள், இந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். பார்த்தால் இரண்டு சைக்கிளும் வெவ்வேறு ஆட்களுக்கானவை மாதிரி தெரிகிறது. ஆனால் ஹேண்டில் குழாய் பின்னால் சாய்ந்து நிற்பதால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்குக் கீழே 10 மி.மீ. வளையம் போட்டால் ரீச்சும் ஏறக்குறைய 3 மி.மீ. குறைகிறது. இரண்டாவதில் 25 மி.மீ. வளையம் போட்டால் உயரம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், ரீச் 378க்கு வந்துவிடும். முதலாவதோடு வித்தியாசம் வெறும் 3 மி.மீ. அதாவது உங்கள் உடம்புக்கு இரண்டும் பொருந்தும். ஒரே நிபந்தனை, கடைக்காரர் ஃபோர்க்கிலிருந்து மேலே ஸ்டெம்வரை போகும் ஸ்டீரர் குழாயை வெட்டுவதற்கு முன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். வெட்டிய குழாய் வளராது. கார்பன் ஸ்டீரரில் எத்தனை மி.மீ. வரை வளையம் போடலாம் என்று தயாரிப்பாளர் ஓர் எல்லையும் வைத்திருப்பார், அதையும் கேளுங்கள். பழைய சைக்கிளில் குழாய் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். அதற்குச் சொந்தக்காரர் உங்களைவிடக் குனிந்து ஓட்டுபவராக இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

பிரேக் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 80 கிலோ 1,300 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய பத்து லட்சம் ஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். நேரான சாலையில் காற்று பாதியை வாங்கிக்கொள்ளும். ரிங்லெட்டிலிருந்து இறங்கும் பாதையில் வளைவுக்கு வளைவு நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள். மிச்சம் எல்லாம் சூடாக மாறுகிறது. ரிம் பிரேக்கில் அந்தச் சூடு நேரே ரிம்முக்குப் போகும். அலுமினிய ரிம் சமாளித்துவிடும். கார்பன் ரிம்மில் ஒரு அளவுக்கு மேல் பிசின் இளகும், உள்ளே டியூப் வெடிக்கவும் கூடும். மழையில் ரிம்மை ஒட்டியிருக்கும் தண்ணீரைப் பிரேக் கட்டை முதலில் வழித்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் பிடிக்கத் தொடங்கும். கார்பன் ரிம்மில் இந்தத் தாமதம் இன்னும் அதிகம். அந்த இடைவெளியில் லோரி வந்துவிட்டால் என்ன செய்வது? மூன்றாவது சைக்கிளை நீங்கள் எடுப்பதென்றால் அலுமினிய ரிம்மோடு மட்டும் எடுங்கள்.

டிஸ்க்கிலும் எல்லாம் ஒன்றல்ல. ஹைட்ராலிக்கில் டிஸ்க்கைக் கவ்வும் பேட் தேயத் தேய பிஸ்டன் தானே முன்னால் வந்து ஈடு செய்யும். ஒரு விரலால் பிடித்தால் போதும், கை வலிக்காது. கேபிள் டிஸ்க்கில் பேட் தேய்ந்தால் நீங்கள்தான் திருகி நெருக்க வேண்டும். மழையில் ஒரு நீண்ட இறக்கத்திலேயே லீவர் ஹேண்டில்வரை வந்துவிடும் அளவுக்குத் தேய்மானம் ஆகக்கூடும். இரண்டாவது சைக்கிளில் கேபிள் எல்லாம் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி, வழியாக உள்ளே போகிறது என்று படத்தில் தெரிகிறது. கேபிள் பிரேக்குக்கு அது இரட்டைத் தண்டனை: கூர்மையான வளைவுகளில் கேபிள் உரசி, நீங்கள் இழுக்கும் பலத்தில் ஒரு பகுதி பேடை அழுத்தும் காலிபருக்குப் போய்ச் சேராது.

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். முன் சக்கரத்தைச் சுற்றி, டிஸ்க் ரோட்டரின் முகத்தில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது மலிவான ரோட்டர்; உலோகப் பேட் போட்டால் ரோட்டரே அரிக்கப்படும். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் செம்மண் கலந்த மழைநீரில் சீக்கிரம் தேயும். மலையில் அடிக்கடி ஓட்டுகிறவர் பின்னால் உலோகப் பேட்டுக்கு மாற நினைப்பார். அப்போது ரோட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். இது பெரிய செலவு இல்லை, ஆனால் வாங்கும்போதே பேசி மாற்றிக்கொண்டால் உங்களுக்கு லாபம்.

கியரில் எத்தனை வேகம் என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முன்னால் மிகச் சிறிய பல்சக்கரம், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம், இந்த இரண்டும்தான் மலையில் பேசும். டியாக்ரா 4700இல் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்களோடு க்ராங்க், பின்னால் 11 முதல் 34 பல் வரையுள்ள பல்சக்கரத் தொகுதி, அதாவது கேசட், போடலாம். 34க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. போவீர்கள். 6 விழுக்காடு ஏற்றத்தில் அதற்கு ஏறக்குறைய 130 வாட் போதும். பழக்கமானவர் பேசிக்கொண்டே ஏறலாம். ஈப்போ சைக்கிளில் 52/36, பின்னால் 11-28 என்று எழுதியிருக்கிறீர்கள். அதே 70 சுற்றில் மணிக்கு 11.5 கி.மீ. போயாக வேண்டும், அதற்கு 175 வாட் அளவு வேண்டும். அந்தப் பலம் இல்லாதவர் சுற்றைக் குறைத்து முழங்காலால் தள்ளுவார். மலையில் முழங்கால் வலி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பெரிய கேசட் மாற்றலாமே என்றால், 6800இன் குட்டை ஆர்டி, அதாவது செயினைப் பின் பல்சக்கரங்களில் மாற்றும் கருவி, 28க்கு மேல் ஏற்காது. நீள ஆர்டியும் 32வரைதான்.

டியாக்ராவுக்கு ஒரு குறை உண்டு. பின்னால் 12 வேகத்துக்கு மாற ஆசைப்பட்டால் ஷிஃப்டர் முதல் செயின்வரை எல்லாம் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு பாகம் மட்டும் மாற்றி ஏறிக்கொள்ள முடியாது. அதேபோல பழைய 10 வேக ஷிமானோ ஆர்டியும் 4700 ஷிஃப்டரோடு சேராது, கேபிள் இழுக்கும் அளவு வேறு. மற்றபடி சாமான் கிடைப்பதில் கவலையே இல்லை. ஜொகூரில் பெக்கான் நானாசில் ஷிமானோவுக்கு ஆலையே இருக்கிறது. 10 வேகச் செயினும் கேசட்டும் ஈப்போவில் எந்த நல்ல கடையிலும் வாங்கலாம். இரண்டாவது சைக்கிளின் 12 வேகம் ஓடும்வரை நன்றாகவே ஓடக்கூடும். ஷிஃப்டர் விழுந்து உடைந்த நாளில் அதே ஷிஃப்டரை எங்கே வாங்குவீர்கள் என்று விற்பவரிடம் கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். டியாக்ராவுக்கு அடுத்த மேல்தரமான ஷிமானோ 105க்குப் போகலாமா என்று நினைத்தால், உங்கள் பணத்தில் 105 வரும் சைக்கிளில் சக்கரத்திலோ பிரேக்கிலோ எங்கோ குறைத்திருப்பார்கள். அதைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடம். முதலாவது பெடல் அச்சு உட்காரும் பிபி. திருகு வெட்டிய பிபி என்றால் யார் வேண்டுமானாலும் கழற்றிக் கிரீஸ் போட்டு மாட்டலாம். அழுத்திச் செருகும் வகையில் ஃபிரேமின் துளை கொஞ்சம் அளவு பிசகினாலும், மழையில் நனைந்த பிறகு மிதிக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இரண்டாவது ஹெட்செட். நாம் ஓட்டும்போது வேர்வை சொட்டுச் சொட்டாக விழும் இடம் அதுதான். கேபிள்கள் வெளியே போகும் சைக்கிளில் மேல் பேரிங்கை எடுத்துத் துடைத்துக் கிரீஸ் வைப்பது அரை மணி நேர வேலை. கேபிள் எல்லாம் அதற்குள்ளே நுழைந்தால், பேரிங்கை மாற்றுவதற்கே கேபிளை உருவி, ஹேண்டில்பாரைக் கழற்றி, எல்லாவற்றையும் மறுபடி கோக்க வேண்டும். பாதி நாள் கூலி. குளிர் நாட்டில் ஓட்டுகிறவருக்கு அது எப்போதோ வரும் செலவு. நமக்கு அடிக்கடி வரும். சுத்தமான முன்பக்கம் அழகுதான், மறுக்கவில்லை. இந்தச் சீதோஷ்ணத்தில், இந்த விலையில், அந்த அழகு வேண்டாம் என்பதே என் கருத்து.

சக்கரம் பற்றி அதிகம் இல்லை. 50 மி.மீ. ஆழ ரிம் சமதரையில் வேகத்துக்கு நல்லது, மலை வளைவில் பக்கக் காற்று அடித்தால் முன்பக்கம் இழுக்கும். விளிம்பில் கொக்கி இல்லாத ரிம்மா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கக் கூடாது, எல்லா டயரும் சேராது. டயர் இடம்தான் முக்கியம். முதலாவதில் 32வரை போகும். பழையதில் 25க்கு மேல் பிரேக் இடிக்கும். தோட்டச் சாலையில் செம்பனைக் குலை லோரி உடைத்த தார், ஆலைச் சந்தியில் உதிர்ந்த பழம் நசுங்கி எண்ணெய்ப் பிசுக்கு, அங்கங்கே சரளை. இதில் 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ அடித்துப் போவதற்கும் 30 மி.மீ. டயரில் 65 அடித்துப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கார்பன் ஃபிரேமும் கொடுக்காது.

அப்புறம், பெயிண்ட். பொருட்படுத்தலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பொருட்படுத்துங்கள். தினமும் பார்க்கும் பொருள் பிடித்த நிறத்தில் இருந்தால்தான் விடியற்காலை எழுந்து ஓட்ட மனம் வரும். ஆனால் நிறத்தோடு பூச்சின் வகையையும் பாருங்கள். மேட் பூச்சின் மேல்படலம் வேண்டுமென்றே சொரசொரப்பாக விடப்பட்டது. ஒளியைச் சிதறடித்துத்தான் அது மங்கலாகத் தெரிகிறது. அந்தச் சொரசொரப்பில் செயின் எண்ணெயும் வேர்வை உப்பும் செம்மண்ணும் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தித் தேய்த்தால் அழுக்கு போகும், கூடவே மங்கலும் போய் அந்த இடம் மட்டும் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். கால் உரசும் மேல்குழாயில் ஆறு மாதத்தில் இது தெரிந்துவிடும். பளபளப்புப் பூச்சில் மேலோட்டமான கீறல் விழுந்தால், கார் பாலிஷ் கொண்டு மெதுவாகத் தேய்த்தே மறைக்கலாம். மேட்டில் அது முடியாது. ஆரஞ்சு என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். செம்மண் தூசி ஆரஞ்சில் கறையாகத் தெரியாது என்பது கூடுதல் வசதி. வெள்ளையில் தெரியும்.

நிறம் மாறும் பெயிண்ட் வெயிலில் அற்புதமாக இருக்கும். அடியில் கறுப்பு, மேலே நிறம் மாற்றும் படலம், அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்காக வருவது அது. ஒரு கல் தெறித்துச் சில்லு போனால், சின்னத் தூரிகையால் தொட்டுச் சரி செய்யவே முடியாது; எந்தக் கோணத்திலிருந்தாவது அந்த ஒட்டு தெரியும். பெயிண்ட்டே இல்லாமல் கார்பன் நெசவு தெரிய விடும் பூச்சிலும் கிளியர் கோட் இருக்கிறதா என்று கேளுங்கள். அழகுக்காக அல்ல, வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினைக் கெடுக்காமல் காப்பது அந்தப் படலம்தான்.

அலுமினியத்துக்குப் பெயிண்ட் ஒரு கவசம். தண்ணீர்ப் புட்டி மாட்டும் திருகுத் துளை, கேபிள் நுழையும் வாய், சீட் போஸ்ட்டைக் கவ்வும் இடம் ஆகிய மூன்றையும் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். அங்கே பெயிண்ட்டுக்கு அடியில் வேர்க்குரு போல சின்னச் சின்னக் கொப்பளம் இருந்தால், உப்பு உள்ளே நுழைந்து அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புதிய சைக்கிளில் இருக்காது. கடையில் வருடக் கணக்கில் நின்றதில் இருக்கலாம். கார்பன் சீட் போஸ்ட் அலுமினிய ஃபிரேமுக்குள் இருந்தால் இன்னொரு தொல்லை: இரண்டுக்கும் நடுவே வேர்வை இறங்கினால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, போஸ்ட் உள்ளேயே இறுகிக்கொள்ளும். வாங்கிய அன்றே கார்பனுக்கான பசையைத் தடவச் சொல்லுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடையுங்கள். கேபிள் உரசும் இடத்திலும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்திலும் ஒளி ஊடுருவும் ஃபிலிம் ஒட்டுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் ஒட்ட வேண்டும், கீறல் விழுந்த பிறகு அல்ல.

ஈப்போ சைக்கிளை அப்படியும் பார்க்கத்தான் போவேன் என்றால், முதலில் க்ராங்கைப் பாருங்கள். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான அல்டெக்ரா 6800, ஆர்8000, டியுரா ஏஸ் 9000, ஆர்9100 வகை 11 வேக க்ராங்குகளில் ஒட்டுப் பிரியும் குறையைக் கண்டு, ஷிமானோ 2023 செப்டம்பரில் உலகளவில் பரிசோதனைக்கு அழைத்தது. க்ராங்க் கையின் உள்பக்கத்தில் உள்ள தயாரிப்புக் குறியீட்டைப் பார்த்து, அது அந்தக் காலத்தியதா, பரிசோதனை முடிந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். அதற்குப் பிறகு ஃபிரேம். நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கேட்கும் சத்தம் ஓரிடத்தில் மட்டும் செத்துப்போய்க் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். குழாயின் தடிப்பு மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால், வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். செயின் கழன்று உள்ளே விழுந்து அறுத்த காயம் வலப்பக்கப் பின்குழாயில், பிபிக்கு அருகில் இருக்கும். மறுபூச்சு அடித்த ஃபிரேம் என்றால் தயாரிப்பு எண் பெயிண்ட்டுக்குள் புதைந்திருக்கும், பிபி துளைக்குள் பெயிண்ட் தூசி படிந்திருக்கும். பெயிண்ட் அடிப்பது தப்பில்லை. எதை மறைக்க அடித்தார்கள் என்பது தெரியாமல் வாங்குவதுதான் ஆபத்து. ஃபிரேம் உத்தரவாதமும் பெரும்பாலும் முதல் சொந்தக்காரருக்கு மட்டும்தான்.

5,100 போக மீதி 400 வெள்ளி இருக்கிறது. ஹெல்மெட் ஏற்கெனவே இருந்தால், பகலிலும் கண்ணில் படும் பின் விளக்கு ஒன்று, கூடுதல் டியூப், கைப் பம்பு, செயின் நீட்சி அளக்கும் கருவி. 10 வேகச் செயின் 0.75 விழுக்காடு நீட்சி காட்டுவதற்குள் மாற்றிவிட்டால் கேசட் தப்பும். செம்பனை நிழலில் லோரி ஓட்டுநர் கண்ணுக்கு ஆரஞ்சு ஃபிரேமைவிட அந்தச் சிவப்பு விளக்குதான் முதலில் தெரியும்.

புதுச் சைக்கிளைக் கொண்டுவந்த உடனே மலைக்குப் போகாதீர்கள். புதிய டிஸ்க் பேட் முழுப் பலத்தோடு பிடிக்காது. பேடும் ரோட்டரும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வண்டி குறைவான நேரம் பார்த்து லங்காப் சாலைக்குப் போய், 25, 30 கி.மீ. வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். முன் பிரேக் தனியாக, பின் பிரேக் தனியாக, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இருபது தடவை. பிடிப்பு ஏறுவது விரலுக்கே தெரியும். முதல் சில வாரத்தில் கியர் கேபிள் உறைகள் அழுந்தி உட்காரும், கியர் மாறத் தயங்கும். அது கோளாறு இல்லை. கடையில் ஒருமுறை இழுத்துச் சரி செய்யச் சொல்லுங்கள், பெரும்பாலான கடைகளில் முதல் சர்வீசுக்குக் காசு வாங்க மாட்டார்கள். அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை லாத்தா இஸ்கண்டார்வரை மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். பிரேக்கும் கியரும் சரியாக இருந்தால் அடுத்த வாரம் ரிங்லெட்.